தெரிந்த ஆளும் எழுதிய விதியும்

யாழ்ப்பாணத்து வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘மனிதவள முகாமையாளர்’, ‘மனிதவள உத்தியோகத்தர்’ என்ற பதவிகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. சுப்பர் மார்க்கெட், தனியார் வைத்தியசாலை, லீசிங் கொம்பனி, ஹோட்டல், மென்பொருள் நிறுவனம் என்று பலரும் ஆள் கேட்கிறார்கள். தகைமைகளைப் படித்துக்கொண்டு போனால், கணக்கு வேலையும் தெரிய வேண்டும், வங்கிக்கும் போய்வர வேண்டும், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு முன்னுரிமை என்று இருக்கும். பதவியின் பெயர் வந்துவிட்டது. அந்தக் கதிரையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவு இன்னும் வந்து சேரவில்லை. முதலாளிமாரிடமும் அது குறைவு, ஊழியரிடமும் குறைவு. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஊழியர்களைக் கேட்டால், கைவிரல் வைக்கிற இயந்திரத்தில் எட்டு மணிக்கு மேல் ஐந்து நிமிடம் விழுந்தாலும் சம்பளத்தில் வெட்டுகிறவர் என்பார்கள். முதலாளியைக் கேட்டால், பெடியளை மேய்க்க ஒரு ஆள் என்பார். இரண்டும் முழுப் பொய் அல்ல. ஆனால் வரவுப் பதிவும் கட்டுப்பாடும் இந்த வேலையின் ஓரத்தில் கிடப்பவை. நடுவில் இருப்பது வேறு. ஒரு நிறுவனத்துக்கும் அதில் வேலை செய்யும் மனிதருக்கும் இடையில் என்ன பேசி ஒப்புக்கொள்ளப்பட்டதோ, அதை எழுத்தில் வைத்திருப்பதும், இரு பக்கமும் அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பதும், நடக்காதபோது இரு பக்கத்தையும் உட்காரவைத்துக் கேட்பதும்தான் அந்த நடு.

இந்தப் பதவி பிறந்த விதத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். இங்கிலாந்தின் யோர்க் நகரில் ரவுன்ட்ரீ சொக்கிலேட் ஆலை 1896இல் மேரி வூட் என்ற பெண்ணை, தொழிலாளரின் நலன் பார்க்கவென்றே நியமித்தது. 1913இல் அதே நகரில் இப்படிப்பட்ட நலன் உத்தியோகத்தர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் காசுப் பதிவு இயந்திரம் செய்யும் கொம்பனி ஒன்று 1901இல் பெரிய வேலைநிறுத்தத்தைக் கண்ட பின், ஊழியர் குறைகளைக் கேட்கத் தனிப் பிரிவே தொடங்கியது. நலன் என்ற பக்கம் இப்படி வந்தது.

நமக்குக் கிட்டிய கதை வேறு பக்கத்தைக் காட்டுகிறது. இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்தவர் கங்காணி. வேலைக்கு எடுப்பவரும் அவர், முற்பணம் கொடுத்துக் கடனாளியாக்குபவரும் அவர், துரையிடம் பேசுபவரும் அவர். கடன் தீர்ந்தது அல்லது இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்று காட்டும் ‘துண்டு’ இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. இந்தியாவின் பஞ்சாலைகளிலும் இதே வேலையைச் செய்யும் இடைத்தரகர்கள் இருந்தார்கள்; வேலை கொடுக்கக் கையூட்டு வாங்கினார்கள். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1931இல் தந்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை இவர்களிடமிருந்து பிரித்து, ஒவ்வொரு ஆலையிலும் ஒரு தொழில் உத்தியோகத்தரிடம் கொடுக்கும்படி சொன்னது. 1948இன் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நலன் அலுவலர் இருப்பதைக் கட்டாயமாக்கியது. ஒரு மனிதனின் பிழைப்பு ஒரு இடைத்தரகரின் விருப்பு வெறுப்பில் தொங்கக்கூடாது என்ற எண்ணத்தில்தான் நம் பக்கத்தில் இந்த வேலைக்கு அத்திவாரம் விழுந்தது.

இலங்கையில் ஆளணி முகாமைத்துவ நிறுவகம் 1959இல் தொடங்கி, 1976இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்தில் மனிதவள முகாமைத்துவத்தை ஒரு பட்டப்படிப்புத் துறையாகவே படிப்பிக்கிறார்கள். ஆகவே படித்த ஆள் இல்லை என்ற குறை நமக்கு இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்” என்ற யாழ்ப்பாணத்துச் சொல் எல்லாருக்கும் தெரியும். அரசாங்க உத்தியோகத்தின் மேல் எங்கள் ஆட்களுக்கு இருக்கும் ஆசையைக் கேலி பண்ண அதைச் சொல்வார்கள். எனக்கு அதில் கேலி செய்ய எதுவும் தெரியவில்லை. அரச உத்தியோகத்தருக்குத் தாபனக் கோவை என்று ஒன்று உண்டு. எத்தனை நாள் லீவு, எப்போது சம்பள ஏற்றம், என்ன குற்றத்துக்கு என்ன விசாரணை, யாரிடம் மேன்முறையீடு என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. மேலதிகாரிக்கு முகம் பிடிக்கவில்லை என்பதற்காக அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்ப முடியாது. தன் பிள்ளை அரசாங்க வேலைக்குப் போக வேண்டும் என்று ஒரு தாய் நேர்த்தி வைக்கும்போது அவள் விரும்புவது சோம்பலான வேலையை அல்ல. எழுதிய விதி உள்ள வேலையை. தனியார் துறையில் அந்த எழுதிய விதியைச் சுமக்க வேண்டியவர் மனிதவள முகாமையாளர். நான் இங்கே சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்.

குடாநாட்டிலும் இது முன்பு முற்றாக இல்லாமல் இருக்கவில்லை. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை ஒரு பெரிய அரச நிறுவனமாக ஒழுங்கு முறைகளோடு நடந்தது. கூட்டுறவுச் சங்க ஊழியர்களின் நியமனம், ஒழுக்காற்று போன்றவற்றுக்கென்றே 1972இல் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1990இல் போர் சீமெந்து ஆலையை நிறுத்தியது. பிறகு பாதை மூடல், இடப்பெயர்வு, பொருளாதாரத் தடை என்று ஒரு தலைமுறை போனது. அந்தக் காலத்தில் பிழைத்து நின்ற வியாபாரங்கள் உறவையும் நம்பிக்கையையும் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தன. மச்சான் கல்லாவில், மருமகன் களஞ்சியத்தில், ஊரில் தெரிந்த பெடியன் லொறியில். சங்கிலியை அறுத்துக்கொண்டு யாரும் ஓடமாட்டார்கள் என்ற நம்பிக்கை அப்போது மிகப் பெரிய முதல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் 2009இல் போர் முடிந்த பின் நிலைமை மாறிவிட்டது. பாதை திறந்தது, வங்கிகளும் நிதிக் கொம்பனிகளும் வந்தன, 2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது, புலம்பெயர்ந்தோரின் முதலீடு வந்தது. ஆறு பேர் வேலை செய்த கடை நாற்பது பேருக்கு வளர்ந்தது. நடத்தும் முறை மட்டும் ஆறு பேர் காலத்தது.

அந்த முறையின் முதல் அறிகுறி நேர்முகத்தேர்வில் தெரியும். “நீங்கள் எவடம்?” என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, “ஆற்றை பெடியன்?” கேட்பவர் பல வேளை கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, ஒரு பிணை தேடுகிறார். ஆனால் இந்த மண்ணில் அந்தக் கேள்வி எதைத் தோண்டுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஊர், குறிச்சி, சாதி, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே பதிலில் வந்துவிடும். ஒரு நல்ல மனிதவள முகாமையாளர் செய்யக்கூடிய முதல் நன்மை, அந்தக் கேள்வியை நேர்முகத்தேர்விலிருந்து எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேலையைப் பற்றிய கேள்வியை வைப்பதுதான். காசாளர் வேலையா, ஒரு பட்டியலைக் கொடுத்து மொத்தம் பார்க்கச் சொல்லலாம். விற்பனையா, ஒரு வாடிக்கையாளரோடு பேசிக் காட்டச் சொல்லலாம். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை ஒரே படிவத்தில் எழுதினால், தெரிந்தவரின் பிள்ளையும் தெரியாதவரின் பிள்ளையும் ஒரே தராசில் நிற்பார்கள். தெரிந்தவரின் பிள்ளையே கெட்டிக்காரன் என்றால் அவனே வரட்டும். தடை ஒன்றும் இல்லை.

ஆள் எடுத்த பிறகு நியமனக் கடிதம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, வேலையில் சேரும்போதே வேலையின் தன்மை, அடிப்படைச் சம்பளம், படிகள் முதலியவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும். இங்கே பல இடங்களில் “முதல் மூன்று மாதம் பார்ப்பம்” என்ற வாய்ச்சொல்தான் கடிதம். அந்த மூன்று மாதம் மூன்று வருடமாகவும் போயிருக்கிறது. அதே சட்டம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு என்று சொல்கிறது. வருட விடுமுறை 14 நாள். முதல் வருடத்தில் எப்போது சேர்ந்தார் என்பதைப் பொறுத்து அது மாறும். மார்ச் முடிவதற்குள் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் 10, ஜூலை முதல் செப்ரெம்பர் வரை 7, அதற்குப் பின் 4. இந்தக் கணக்கு எத்தனை முதலாளிமாருக்குத் தெரியும்? தெரியாதது அவர்கள் குற்றம் என்று நான் சொல்லவில்லை. சரக்கு, வாடகை, வட்டி, வரி என்று அவர்களுக்குத் தலை நிறைய இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருக்க ஒருவர் வேண்டும் என்பதுதான் விசயம்.

ஊழியர் சேமலாப நிதியை (ஈ.பி.எஃப்.) எடுத்துப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியரின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. 1980இன் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம் கட்ட வேண்டும். மாதம் 40,000 ரூபா வாங்கும் ஒருவருக்கு, அவர் சம்பளத்திலிருந்து 3,200, முதலாளியிடமிருந்து 4,800, ஆக 8,000 ரூபா மாதா மாதம் மத்திய வங்கியில் அவர் பெயரில் சேரும். வருடத்துக்கு 96,000. இதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 1,200. பத்து வருடக் கணக்கும் போதிய மீதியும் உள்ளவர் வீட்டுத் தேவை போன்றவற்றுக்கு 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். அந்த மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக் கடனும் பெறலாம். முதலாளி பிந்திக் கட்டினால் 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை மேலதிகமாக அறவிடுவார்கள். ஆக, ஒழுங்காகக் கட்டுவது இரு பக்கத்துக்கும் லாபம். ஆனாலும், கையில் வருகிற காசு குறைகிறது என்று ஊழியரே “ஈ.பி.எஃப். வேண்டாம்” என்று சொல்வதும், முதலாளி அதற்குச் சந்தோசமாகத் தலையாட்டுவதும் இங்கே நடக்கிறது. அந்த ஊழியரைக் கூப்பிட்டு, மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதிக் காட்டி, வேண்டாம் என்று விட இருவருக்கும் உரிமை இல்லை என்று சொல்வது யாருடைய வேலை? முதலாளி சொல்லமாட்டார். கணக்காளருக்கு அதில் அக்கறை இல்லை.

லீவு விசயத்தில் யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாள். புடைவைக் கடை, நகைக் கடை, உணவகம், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் அதுதான் அறுவடை. ஊழியருக்கோ அதுதான் விரத காலம். வெளிநாட்டிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்து நிற்கிற காலமும் அதுதான். அதோடு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோயில், ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு கொடியேற்றம், மாசியில் கச்சதீவு அந்தோனியார். செத்தவீடு வந்தால் எட்டும் அந்தியேட்டியும் உண்டு, துடக்கும் உண்டு. தனியார் துறைச் சட்டத்தில் மரண விடுமுறை என்று தனியாக ஒன்றும் இல்லை. 7 நாள் தற்செயல் விடுமுறைக்குள் அது அடங்காது. கேட்டவருக்குக் கேட்டபடி கொடுத்தால் கடை நடக்காது. யாருக்கும் இல்லை என்றால் ஆள் நிற்காது. முதலாளிக்குப் பிடித்தவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்களின் மனம் கசந்துபோகும். ஆனியிலேயே எல்லாரையும் கேட்டு, யாருக்கு எந்தத் திருவிழா முக்கியம் என்று எழுதி, தேருக்கு இவர், தீர்த்தத்துக்கு அவர், பூங்காவனத்துக்கு மற்றவர் என்று பங்கிட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, மரண வீட்டுக்கு நிறுவனமாக எத்தனை நாள் கொடுப்பது என்று முன்னரே முடிவு செய்து வைத்தால், பாதிச் சண்டை வராது. கொழும்பில் எழுதிய கையேடு ஒன்றிலும் இது இருக்காது. இந்த ஊரைத் தெரிந்த ஒருவர் இந்த ஊரில் இருந்து செய்ய வேண்டிய வேலை இது.

இனி எல்லாரும் பயப்படும் பகுதிக்கு வருவோம். நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். 22 பேர் வேலை செய்யும் ஒரு புடைவைக் கடை. இரவு கல்லாக் கணக்கு முடிக்கும்போது 18,500 ரூபா குறைகிறது. காசாளர் 23 வயதுப் பிள்ளை, வட்டுக்கோட்டைப் பக்கம். “நான் எடுக்கேல்லை” என்று அழுகிறாள். முதலாளிக்குக் கோபம். “நாளையிலயிருந்து வரவேண்டாம்” என்று சொல்லிவிட்டால் அவருக்கு அந்த இரவு பிரச்சினை முடிந்தது போல இருக்கும்.

அந்த இடத்தில் ஒரு மனிதவள முகாமையாளர் இருந்தால் முதலில் அந்த வசனத்தை நிறுத்திவைப்பார். பிறகு பிள்ளையைத் தனியாக, இன்னொரு பெண் ஊழியர் பக்கத்தில் இருக்க, உட்காரவைத்து, நடந்ததை அவளுடைய கையால் தமிழில் எழுதச் சொல்வார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபோது கல்லாவில் யார் இருந்தது? லாச்சித் திறப்பு யாரிடம் இருந்தது? மாற்றிக் கொடுத்த சாரிகளுக்கு ரசீது திரும்ப வந்ததா? கார்ட் இயந்திரத்தின் நாள் முடிவுச் சீட்டையும் பில் பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பேனையால் கோடு போட்டுக்கொண்டு போவார். மூன்றே முக்காலுக்கு ஒரு கூறைச்சாரி, 18,500. வாடிக்கையாளர் கார்ட்டில் கட்டியிருக்கிறார். பில்லில் காசு என்று விழுந்திருக்கிறது. காசு வங்கியில் இருக்கிறது.

அப்படிப் பார்க்காமல் அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேருமுன் ‘களவெடுத்துப் பிடிபட்டவள்’ என்ற கதை ஊருக்குப் போய்விடும். வேறு கடையில் வேலை கிடைக்காது. கலியாணப் பேச்சில் அது வரும். யாழ்ப்பாணம் சின்ன இடம். இங்கே ஒருவரை வேலையால் நிறுத்துவது சம்பளத்தை மட்டும் நிறுத்துவதாக முடிவதில்லை. முதலாளியின் பக்கமும் பாருங்கள். அவள் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். வேலையை நிறுத்தியது நியாயம் என்று காட்ட வேண்டியவர் முதலாளி. அவர் கையில் ஒரு கடிதம் இல்லை, ஒரு வாக்குமூலம் இல்லை. திரும்ப வேலை கொடு, நிலுவைச் சம்பளம் கொடு, அல்லது நட்டஈடு கொடு என்று கட்டளை வரலாம்.

உண்மையிலேயே எடுத்திருந்தால்? அப்போதும் வழி உண்டு. குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, விளக்கம் கேட்டு, சம்பவத்தில் சம்பந்தப்படாத ஒருவரை வைத்து உள்ளக விசாரணை நடத்தி, முடிவை எழுத்தில் கொடுக்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால் அந்தக் காரணத்தை இரண்டாவது வேலைநாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்கிறது. ஒழுக்காற்று அல்லாத காரணம் என்றால், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல் நிறுத்தவே முடியாது. இந்தச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். 1983இன் பணிக்கொடைச் சட்டமும் அதே 15இல்தான் தொடங்குகிறது. ஐந்து வருடம் வேலை செய்தவர் விலகினால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம், 30 நாளுக்குள். கடைசியாக 60,000 ரூபா வாங்கிய ஒருவர் 12 வருடம் இருந்தால் 360,000. திடீரென்று இந்தத் தொகையைக் கேட்டுத் திகைத்துப் போன முதலாளிமார் இருக்கிறார்கள்; வருடா வருடம் ஒதுக்கி வைக்கச் சொல்ல அவர்களுக்கு ஆள் இருக்கவில்லை. ஆகவே எத்தனை பேர் இருந்தால் மனிதவளத்துக்குத் தனி ஆள் தேவை என்று யாரும் என்னைக் கேட்டால், 15ஐ எட்டும்போது யோசிக்கத் தொடங்குங்கள் என்பேன். எட்டுப் பேர் உள்ள கடைக்குத் தனிப் பதவி தேவையில்லை. யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து ஒரு கோப்பு வைத்திருந்தால் போதும்.

பெரிய கொம்பனிகளின் கிளைகளில் நிலைமை வேறு மாதிரி. அங்கே விதி எல்லாம் எழுதியிருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். மனிதவளப் பிரிவு கொழும்பில். சாவகச்சேரிக் கிளையில் வேலை செய்யும் ஒரு பிள்ளை பத்துப் பக்கக் கடிதத்தில் கையொப்பம் வைத்திருப்பாள். இடைநடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஆறாம் பக்கத்தில் இருப்பது அவளுக்கு விலகும்போதுதான் தெரியும். முறைப்பாடு என்றால் தொலைபேசியில், தனக்குப் பழக்கமில்லாத மொழியில், முகம் தெரியாத ஒருவரிடம் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் மேலதிகாரியின் தொந்தரவைப் பற்றிச் சொல்ல நேரும்போது இது எவ்வளவு பெரிய தடை என்று நினைத்துப் பாருங்கள். 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு வேலையிடத்துப் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியிருக்கிறது. பொலிசுக்குப் போவதற்கு முன் நம்பிச் சொல்ல, பக்கத்தில், தமிழ் பேசும் ஒருவர், கூடியவரை ஒரு பெண், இருக்க வேண்டும். வடக்குக்கென்று ஒரு மனிதவள உத்தியோகத்தரை இங்கேயே வைக்க இந்தக் கொம்பனிகளுக்கு வசதி இருக்கிறது. அதை நாம் கேட்க வேண்டும்.

இன்னொரு வகை, முதலாளி ரொறொன்ரோவில் அல்லது லண்டனில் இருக்கும் நிறுவனம். அவர் கண்காணிப்புக் கமராவைக் கைபேசியில் பார்க்கிறார். வட்ஸ்அப்பில் கட்டளை வருகிறது. பார்க்கும் படத்தில், ஒரு பிள்ளை பின்னேரம் ஆறரைக்கே மணிக்கூட்டைப் பார்ப்பது தெரியும். வேலணைக்கோ காரைநகருக்கோ போகும் கடைசி பஸ் போய்விடுமே என்ற பதட்டம் படத்தில் தெரியாது. ஆள் நிற்கவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை, எல்லாரும் வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள் என்று முதலாளிமார் சொல்வதை நிறையக் கேட்கிறோம். வெளிநாடு போகிறவரை யாரும் மறிக்க முடியாதுதான். 2022இன் நெருக்கடிக்குப் பின் அது இன்னும் கூடிவிட்டது. ஆனால் விலகுகிற எல்லாரும் வெளிநாடு போவதில்லை. அடுத்த தெருக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. பஸ் இல்லாததால், சாப்பிட இடம் இல்லாததால், எல்லாருக்கும் முன் ஏசியதால், சொன்ன சம்பள ஏற்றம் வராததால். விலகுகிறவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டு எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாள்களை முதலாளிக்கு முன் வைத்தால், தீவுப்பகுதிப் பிள்ளைகளுக்குக் காலை நேர வேலை கொடுத்தாலே பாதிப்பேர் நின்றிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியவரும். புது ஆளைப் பழக்க எடுக்கும் மூன்று மாதத்தையும் அந்த மூன்று மாதப் பிழைகளையும் காசாக்கிப் பார்த்தால், மனிதவளத்துக்குக் கொடுக்கும் சம்பளம் பெரிதாகத் தெரியாது.

ஊழியர்கள் விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. மனிதவள முகாமையாளர் தொழிற்சங்கம் அல்ல. அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம். அவர் நிறுவனத்தின் ஆள். நிறுவனம் சட்டப்படி நடக்கும் வரைக்கும் அவரால் உங்களுக்கு உதவ முடியும். நிறுவனமே சட்டத்தை மீறத் தீர்மானித்தால் அவரால் தனியாக மறிக்க முடியாது. அப்போது போக வேண்டிய இடம் தொழில் திணைக்களம். யாழ்ப்பாணத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. அதற்குக் குறைவாக முழுநேர வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர் மனிதவள முகாமையாளரிடம் கேட்டுப் பதில் வராவிட்டால், அங்கே போகலாம், போக வேண்டும். நல்ல மனிதவள முகாமையாளர் இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார். திணைக்களத்திலிருந்து ஒருவர் வந்து கோப்பைக் கேட்டால் தூக்கிக் கொடுக்கக்கூடிய நிலையில் எப்போதும் வைத்திருப்பதே அவருடைய கெட்டித்தனம்.

அப்படி ஒருவர் இயங்குவதற்கு அவருக்கு அதிகாரம் வேண்டும். இங்கேதான் பெரும்பாலான இடங்களில் விசயம் முறிகிறது. பட்டம் பெற்ற ஒரு பிள்ளையை எடுத்து, கணக்காளரின் கீழே போட்டு, வங்கிக்கும் தபாலுக்கும் அனுப்பி, கடைசியில் முதலாளியின் தம்பி ஒருவரை நிறுத்திவிட்ட பிறகு “அதுக்கு ஒரு கடிதம் அடியும்” என்று சொன்னால், அங்கே இருப்பது மனிதவள முகாமைத்துவம் அல்ல, தட்டச்சு. முதலாளிமாருக்கு நான் சொல்வது சின்னக் காரியம்தான். மனிதவளத்தைப் பார்ப்பவர் நேரடியாக உங்களிடம் பேசட்டும், இடையில் உறவினர் வேண்டாம். நியமனம், சம்பள வெட்டு, பணிநீக்கம் இந்த மூன்றும் அவருடைய கையொப்பம் இல்லாமல் செல்லாது என்று வையுங்கள், உங்கள் மகனுக்கும் அது பொருந்தட்டும். யாரையும் அதே நாளில் நிறுத்துவதில்லை, குறைந்தது மூன்று நாள் பொறுத்து எழுத்தில் கேட்டபிறகே முடிவு என்று வையுங்கள். இதை ஒரு தாளில் தமிழில் எழுதி, கையொப்பமிட்டு, ஊழியர்கள் சாப்பிடும் அறையில் ஒட்டிவிடுங்கள். இந்த மாதமே செய்யலாம்.